மௌனத்தைக் கைவிட்ட ஆந்தை

"பேசிக்கினே வா தம்பி, அதுக்கென்ன? கழிய மட்டும் பலகைல இடிச்சிடாத."

பழவேற்காடு ஏரியில் ஒரு மார்கழி விடியல். வலை எடுக்கப் போகும் படகில் இடம் கேட்டு ஏறியிருந்தேன். மீன் கலைந்துவிடுமோ என்று நான் காதோடு காதாகப் பேச, படகுக்காரப் பெரியவரோ சந்தையில் விலை கேட்பதுபோல உரக்கப் பதில் சொன்னார். ஆனால் என் கையிலிருந்த மூங்கில் கழி படகின் விளிம்பில் 'டொக்'கென்று பட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. குரலுக்குக் கலையாத மீன் அந்த ஒரு தட்டுக்குக் கலைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

கரையேறிய பிறகும் அந்தக் கணக்கு மனதில் கிடந்தது. பின்னொரு நாள் பறவைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, அதே கணக்கைத் தன் உடம்பிலேயே போட்டு வைத்திருக்கும் ஓர் உயிரைக் கண்டேன். அது ஓர் ஆந்தை. சத்தமில்லாமல் பறப்பதற்கென்றே பெயரெடுத்த குலத்தில் பிறந்து, அந்த வித்தை எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்ட ஆந்தை.

அதன் ஒரு கிளை நம் நாட்டு ஆற்றங்கரை மரங்களில் இருக்கிறது. இன்னொரு கிளை ஜப்பானின் வடகோடியிலும் ரஷ்யாவின் கிழக்கோரத்திலும் உறைபனி விளிம்பில் நின்று மீன் பிடிக்கிறது. உலகத்திலேயே எடை மிகுந்த ஆந்தை அதுதான்.

நீரின் மூடிய கதவு

முதலில் பெரியவரின் கணக்கைச் சரிபார்த்துவிடலாம்.

ஒலி என்பது தள்ளுமுள்ளு. ஒரு துகள் பக்கத்துத் துகளைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, அப்படியே அசைவு நகர்ந்து போகிறது. காற்றில் அது நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நீரில் சுமார் 1,500 மீட்டர். நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே காற்றில் வரும் ஒலி நீரின் மேற்பரப்பில் மோதும்போது, பூப்பந்தை எறிந்து மதில் சுவரை அசைக்கப் பார்ப்பதுபோல ஆகிவிடுகிறது. ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் இறங்கும். மற்றதெல்லாம் வந்த வழியே திரும்பிவிடும்.

படகில் கழி இடிப்பது வேறு கதை. படகின் பலகை நீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பலகை அதிர்ந்தால் நீரும் அதிரும். இடையில் காற்று என்ற தரகர் இல்லை. அந்த அதிர்வு நீருக்குள் வேகமாகவும் வெகு தொலைவும் போகும். இரண்டு வலைகளுக்கு நடுவே மீனை ஓட்டிவிட நீரைத் தட்டுகிறவர்களும் இதே உண்மையைத்தான் மறுபக்கமாகப் பயன்படுத்துகிறார்கள்.

மீனுக்குக் காது இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வெளியே மடல் இல்லை, அவ்வளவுதான். தலைக்குள்ளே காது உண்டு. அதில் சுண்ணாம்பால் ஆன சிறு கற்கள் உண்டு. கத்தாழை மீனின் தலையைக் கடித்துச் சாப்பிட்டவர்களுக்கு, பல்லில் நறுக்கென்று மாட்டும் அந்த வெள்ளைக் கல் நன்றாகத் தெரியும். மீனின் சதை பெரும்பாலும் நீரேயாதலால் ஒலி அதன் உடம்புக்குள் தடையின்றிப் புகுந்துவிடுகிறது. கல் மட்டும் கனமானது என்பதால் சற்றுப் பிந்தி அசைகிறது. இந்த அசைவு வித்தியாசத்தைத்தான் மீன் 'கேட்கிறது'. இது போதாதென்று, உடம்பின் இரு பக்கமும் ஓடும் ஒரு கோட்டில், நீரின் நெளிவை உணரும் நுண்ணிய உறுப்புகளும் இருக்கின்றன. நீருக்குள் நடப்பதில் மீன் படு உஷார். நீருக்கு மேலே நடப்பதைக் கேட்பதில் ஏறக்குறையச் செவிடு.

அப்படியானால், மேலிருந்து மீன் பிடிக்க வருகிறவன் சத்தம் போடலாம். இங்கேதான் ஆந்தை வருகிறது.

மௌனத்துக்கு ஆகும் செலவு

ஆந்தைகள் ஏன் ஓசையின்றிப் பறக்கின்றன என்ற கேள்வியை ஒழுங்காக எடுத்து அலசியவர் கிரஹாம் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. 1934-இல் வெளிவந்த கட்டுரையில் மூன்று காரணங்களை அவர் பிரித்துக் காட்டினார். சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற வரிசை. பின்விளிம்பில் புடவைத் தலைப்பின் குஞ்சம் போன்ற தளர்ந்த இழைகள். மேற்பரப்பு முழுக்க வெல்வெட் போன்ற மென்மயிர். காற்று இறகைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது எழும் இரைச்சலை இம்மூன்றும் சேர்ந்து மட்டுப்படுத்துகின்றன. விமான இறக்கைகளையும் காற்றாலை இறக்கைகளையும் வடிவமைக்கிற பொறியாளர்கள் இன்றும் அந்தச் சீப்பையும் குஞ்சத்தையும் பார்த்துப் பாடம் படிக்கிறார்கள்.

இந்த மௌனத்தால் ஆந்தைக்கு இரட்டை லாபம். வருகிற ஆபத்து எலியின் காதில் விழாது என்பது ஒன்று. எலி சருகுக்குள் நகரும் சரசரப்பு, பறந்துகொண்டிருக்கும் ஆந்தையின் காதில் தெளிவாக விழும் என்பது இன்னொன்று. தன் சிறகே இரைந்தால் பிறர் காலடி எப்படிக் கேட்கும்?

நம் ஊர்க் கோபுரங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் வாழும் வெண்முகக் கூகையை ஓர் இருட்டறையில் விட்டு, தரையில் சருகைப் பரப்பி, எலியை ஓடவிட்டுப் பார்த்தார் ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்கர். கண்ணுக்கு ஒரு துளி வெளிச்சமும் இல்லாதபோது, காதை மட்டும் நம்பி அது எலியின்மேல் சரியாக இறங்கியது. அந்த ஆய்வு 1971-இல் அச்சானது. கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் கடலுக்குள் பாடுகின்றன என்பதை உலகுக்குச் சொன்னவரும் அதே பெய்ன்தான். அந்தக் கட்டுரையும் அதே ஆண்டில் வந்தது.

இந்தக் கேள்வித் திறனின் உச்சம் வடதுருவத்தை அடுத்த காடுகளில் இருக்கிறது. பெரிய சாம்பல் ஆந்தை என்ற அந்தப் பறவையின் முகம் தாம்பாளம்போல வட்டமானது. முகம் முழுவதுமே ஒலியைக் குவித்துக் காதுக்குள் தள்ளும் ஏற்பாடு. ஒரு காது மேலே, இன்னொன்று கீழே இருப்பதால், ஒலி எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதும் துல்லியமாகத் தெரிந்துவிடும். ஒன்றரை அடி வெண்பனிக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் போகும் சிற்றெலியை மேலேயிருந்து கேட்டு, தலைகீழாகப் பாய்ந்து எடுக்கும். பார்வைக்கு மிகப் பெரியது. நீளத்தில் 84 செ.மீ. வரை போகும். தூக்கினால் ஒன்றே கால் கிலோ அளவில்தான் இருக்கும். மீதியெல்லாம் இறகு. குளிருக்குப் போர்த்திய மெத்தை.

சீப்பு, குஞ்சம், வெல்வெட், தாம்பாள முகம், மேலும் கீழுமான காதுகள். ஆந்தை குலத்தின் குடும்பச் சொத்து இவ்வளவு. மீன் பிடிக்கப் போன கிளை இவற்றில் எதைக் கையோடு கொண்டுபோனது?

நீரிறங்கும் கால்கள்

மீன் ஆந்தையைப் பறவை ஆர்வலர்கள் பூமன் ஆந்தை என்றும் சொல்வார்கள். கொம்பன் ஆந்தையோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் தலையில் காதுபோன்ற இறகுக் கொம்புகள். கொம்பனுக்கு அவை விறைத்து நிற்கும். மீன் ஆந்தைக்கு எண்ணெய் காணாத தலைமுடிபோல இரு பக்கமும் கலைந்து சரிந்திருக்கும். உடம்பு மண்பழுப்பு, நெஞ்சில் கரும் கீற்றுகள், தொண்டையில் வெள்ளைத் திட்டு, கண் பொன்மஞ்சள். உயரம் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. எடை ஒரு கிலோவிலிருந்து இரண்டரைக் கிலோ வரை.

குடும்பச் சொத்தில் முதலில் விட்டது சீப்பையும் குஞ்சத்தையும்தான். மீன் ஆந்தை சிறகடித்துப் போகும்போது ஓசை கேட்கும். மற்ற ஆந்தைகளின் மௌனத்துக்குப் பழகிய காதுக்கு அது காக்கை பறப்பதுபோல் இருக்கும். அடுத்து விட்டது தாம்பாளத்தை. முகவட்டம் மங்கி, பெயருக்கு ஒரு கோடாக மிஞ்சியிருக்கிறது. நீருக்கு அடியிலிருக்கும் மீனின் ஓசை மேலே வராது என்பதால், அவ்வளவு பெரிய முகத்தை வைத்துக்கொண்டு கேட்பதற்கு ஒன்றுமில்லை. கதவு இரு பக்கமும் மூடியதுதானே! இது கேட்டு வேட்டையாடும் ஆந்தை அல்ல; பார்த்து வேட்டையாடும் ஆந்தை. நிலவொளியில் நீர்மேல் நெளியும் வளையமும் மீன் புரளும்போது மின்னும் வெள்ளியுமே அதற்குப் போதும்.

இது எப்படி நடந்தது? பறவை உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவல்ல. எலி பிடிக்கும் ஆந்தைக்கு ஒரு குஞ்சு குறைபட்ட சீப்போடு பிறந்தால், எலி தப்பிவிடும், குஞ்சு பட்டினி, அந்தக் குறை அங்கேயே முடிந்துவிடும். மீன் பிடிக்கும் ஆந்தைக்கு அதே குறையோடு ஒரு குஞ்சு பிறந்தால் ஒன்றும் நேராது. அது வளரும், முட்டையிடும், குறையைப் பேரன் பேத்திகளுக்குக் கொடுக்கும். காவல் இல்லாத சொத்து தலைமுறை தலைமுறையாகக் கரைவதைப்போல, பயன்படாத நுணுக்கமும் கரைந்துபோகும். மீன் ஆந்தை தவளையையும் நண்டையும் தின்னும். கிடைத்தால் எலியையும் சிறு பறவைகளையும் விடாது. தவளைக்குக் காற்றொலி கேட்கும். ஆனாலும் முதல் பிழைப்பு நீருக்குள் என்று ஆனபின், உடம்பு அந்தப் பிழைப்பின் வழியே போய்விட்டது.

விட்டதற்கு ஈடாகப் பெற்றது காலில் இருக்கிறது. பெரும்பாலான ஆந்தைகள் கால்சட்டை போட்டதுபோல விரல்வரை மயிர் மூடியவை. மீன் ஆந்தையின் கால் வெறுங்கால். நீரில் நனைந்து கனக்க அங்கே இறகே இல்லை. உள்ளங்காலில் தேங்காய்த் துருவிபோலச் சுரசுரப்பான முள்செதில்கள். நகம் நீண்டு வளைந்து, உள்பக்கம் கத்திபோல் கூர்மை. வழுவழுப்பான மடவை மீனைப் பிடித்தால் நழுவாது.

இதே முள் உள்ளங்கால் இன்னொரு பறவைக்கும் உண்டு. குளிர்காலத்தில் பழவேற்காட்டு ஏரியின் நடுவே ஊன்றிய கம்பங்களில் உட்கார்ந்திருக்கும் விராலடிப்பான். அது கழுகுக் கூட்டத்தைச் சேர்ந்தது, ஆந்தைக்கு உறவில்லை. ஆனால் தொழில் ஒன்று என்பதால் கருவியும் ஒன்றாகிவிட்டது. விராலடிப்பானுக்குப் பகல் முறை: உயரத்திலிருந்து உடம்போடு நீருக்குள் விழும். மீன் ஆந்தைக்கு இரவு முறை: தாழ்ந்த கிளையிலிருந்து சறுக்கி வந்து, காலை மட்டும் நனைத்து, நீரின் மேல்தட்டிலேயே அள்ளும். சில சமயம் ஓரத்து ஆழமில்லாத நீரில் இறங்கி நடந்தே தேடும்.

நடந்து தேடுவது என்றதும் பழவேற்காட்டில் இருளர் பெண்கள் இறால் தடவும் காட்சி நினைவுக்கு வருகிறது. ஏரி அறுபது கிலோமீட்டர் நீளம். ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். சேற்று நீரில் கழுத்தளவு உட்கார்ந்து, அடிமண்ணைக் கையால் தடவி, விரலில் பட்ட இறாலை எடுத்து, பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. தோல்தான் கண். வெறுங்காலோடு நீரிறங்கும் ஆந்தைக்கும் வெறுங்கையோடு நீரிறங்கும் பெண்ணுக்கும் இந்த ஆழமில்லாத நீர்தான் படி அளக்கிறது.

மீன் ஆந்தைக்கு நீர் மட்டும் போதாது. நீரை ஒட்டி அடர்ந்த மரமும் வேண்டும். பகலில் ஒளிந்திருக்க மருதோ மாவோ ஆலோ, கூட்டுக்குப் பொந்தோ கழுகு விட்டுப்போன பழைய குச்சிக்கூடோ பாறை இடுக்கோ தேவை. ஆகவே திறந்த ஏரிப்பரப்பைவிட, மரம் அடர்ந்த ஆற்றங்கரை, கண்மாய்க் கரை, காட்டோடை, அலையாத்திக் காடு ஆகியவையே அதற்கு உகந்த இடங்கள். கார்த்திகை முதல் பங்குனி வரை முட்டையிடும் பருவம். ஒன்றோ இரண்டோ முட்டை. அந்த நாட்களில் ஆண் பெண் இரண்டும் அடிவயிற்றிலிருந்து 'பூம்... பூம்' என்று முழங்கும். குடத்துக்குள் பேசுவதுபோன்ற குரல். தமிழில் ஆந்தைக்குக் கூகை, குடிஞை, கோட்டான் என்று பல பெயர். ஊமன் என்றும் ஒன்று உண்டு. சிறகிலும் ஓசை, தொண்டையிலும் முழக்கம் கொண்ட இந்தப் பறவைக்கு அந்தக் கடைசிப் பெயர் கொஞ்சமும் ஒட்டாது.

அதன் அறிவியல் பெயரில் இலங்கை ஒளிந்திருக்கிறது: கெட்டுபா சைலோனென்சிஸ். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் டச்சுக்காரர்களின் இலங்கை ஆளுநராக இருந்த லோட்டன், பறவைகளைப் படமாக எழுதவைப்பதில் பித்துக் கொண்டவர். அவருக்காக டி பெவெரே என்ற ஓவியர் வரைந்த படம் லண்டன் போய், 1776-இல் பீட்டர் பிரவுன் வெளியிட்ட விலங்குப் படநூலில் இடம்பெற்றது. அதைப் பார்த்தே 1788-இல் க்மெலின் இதற்குப் பெயரிட்டார். பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய அதே டச்சுக் கம்பெனியின் இன்னொரு கிளையில்தான் லோட்டன் வேலை பார்த்தார். துணிக்கும் மிளகுக்கும் வந்த கம்பெனியின் கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு மீன் ஆந்தையும் கப்பலேறியிருக்கிறது.

வடக்கே இருக்கும் பெரியவர்

இப்போது இந்தக் குடும்பத்தின் மூத்தவரிடம் போவோம்.

தாமஸ் பிளேக்கிஸ்டன் ஓர் ஆங்கிலேய வணிகர். ஜப்பானின் வடதீவான ஹொக்கைடோவில் ஹக்கோதாத்தே துறைமுகத்தில் தங்கி, ஓய்ந்த நேரத்தில் பறவை சேகரித்தவர். அங்கே 1883-இல் கிடைத்த மாபெரும் ஆந்தைக்கு அடுத்த ஆண்டு அவர் பெயரையே சூட்டினார்கள். ஜப்பானியர் அதை 'ஷிமா ஃபுக்குரோ' என்பார்கள். தீவு ஆந்தை என்று பொருள். இரண்டேகால் அடிக்கும் மேல் உயரம். சிறகை விரித்தால் ஆறடி. பெண் பறவை நாலரைக் கிலோ வரை கனக்கும். சாம்பல் ஆந்தையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மற்றதை இறகு பெரிதாக்கிக் காட்டுகிறது; இதுவோ உள்ளபடியே பெரிது.

அதன் நாட்டில் குளிர்காலம் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரை இறங்கும். ஏரி கல்லாகிவிடும், ஆறும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அப்போது மீன் தின்னும் பறவை என்ன செய்யும்? ஊற்று கிளம்புகிற இடத்திலும், நீரோட்டம் வேகமான இடத்திலும் ஆறு உறையாமல் சில துண்டுகள் திறந்திருக்கும். அந்தத் திறப்புகளை நம்பித்தான் அதன் குளிர்காலம். பனிக்கட்டியின் விளிம்பில் மணிக்கணக்கில் அசையாமல் நின்று, கீழே மீன் நகரும்போது காலை நீட்டிப் பிடிக்கும். முழங்கால் நீரில் இறங்கியும் பிடிக்கும். சிறகோசை அதற்கும் உண்டு. தாம்பாள முகம் அதற்கும் இல்லை.

ஆனால் கால்? அங்கே கதை திரும்புகிறது. இலங்கையிலும் நம் நாட்டிலும் இருக்கும் மீன் ஆந்தைக்குக் கால் வெறுமை. சிங்கப்பூர், மலேசியச் சதுப்புகளில் இருக்கும் சிறிய தம்பிக்கும் அப்படியே. 'கெட்டுபா' என்ற பெயரே அந்தப் பக்கத்து மலாய்ச் சொல்லில் பிறந்தது. இமயமலை அடிவார ஓடைகளில் இருக்கும் செம்மஞ்சள் மீன் ஆந்தைக்குக் கணுக்காலின் மேல்பாதியில் மட்டும் மயிர்: அரைக்கால்சட்டை. ஹொக்கைடோவின் பெரியவருக்கோ விரல் தொடங்கும் இடம்வரை முழுக்கால்சட்டை. தெற்கிலிருந்து வடக்கே போகப் போக, குளிர் ஒவ்வொரு விரற்கடையாக அந்தத் துணியைக் கீழே இழுத்து விட்டிருக்கிறது. நனைந்தால் கனக்கும் என்ற தெற்கின் நியாயமும், மூடாவிட்டால் விறைக்கும் என்ற வடக்கின் நியாயமும் ஒரே காலில் பேரம் பேசுகின்றன.

இந்த ஆந்தைக்கு வீடு கிடைப்பது அருமை. நாலரைக் கிலோ உடம்பு நுழையும் பொந்து, நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு வளர்ந்து உள்ளே இற்றுப்போன மரத்தில்தான் இருக்கும். அதில் பனி உருகாத மார்ச் மாதத்திலேயே பெண் ஒன்றோ இரண்டோ முட்டையிட்டு அடைகாக்கும். ஆண் மீன் கொண்டுவந்து கொடுக்கும். குஞ்சு ஓராண்டுக்கும் மேல் பெற்றோரை ஒட்டிக்கொண்டே திரிவதால், இணை எல்லா ஆண்டும் முட்டையிடுவதில்லை. கடினமான தொழிலைப் பழகக் காலம் பிடிக்கும்.

இணை பாடுவதும் ஒரு விந்தை. ரஷ்யக் காடுகளில் ஆண் ஒரு சுரம், பெண் ஒரு சுரம், மறுபடி ஆண், மறுபடி பெண் என்று நான்கு சுரம். இடைவெளியே தெரியாதபடி கோத்துவிடுவதால் ஒரே பறவை பாடுவதாகத்தான் கேட்பவருக்குத் தோன்றும். அந்தக் காடுகளில் பல குளிர்காலங்கள் இந்த ஆந்தையைத் தேடி அலைந்த அமெரிக்க ஆய்வாளர் ஜோனதன் ஸ்லாட், தன் அனுபவத்தை 2020-இல் புத்தகமாக எழுதியிருக்கிறார். இந்த இரட்டைப் பாட்டு ஒரு பட்டா. இந்த ஆற்றுத்துண்டு எங்களுடையது என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்வது.

நம் பழவேற்காட்டில் மீன்பிடிக்கும் நீர்ப்பரப்புக்குப் 'பாடு' என்றுதான் பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இன்றைக்கு யாருக்கு எந்தப் பாடு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் பழையது. ஆந்தைக்கு முறை மாற்றம் தெரியாது. ஒரு பாட்டைப் பிடித்தால் ஆண்டுக்கணக்கில் விடாது. பாடித்தான் பாட்டைக் காக்கிறது.

ஊர்த்தெய்வமும் சாக்குருவியும்

ஹொக்கைடோவின் தொல்குடிகள் ஐனு மக்கள். ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீனே அவர்களுக்கு உணவு. அவர்கள் ஊரை 'கோத்தான்' என்பார்கள். மீன் ஆந்தையை 'கோத்தான் கோர் கமுய்' என்றார்கள்: ஊரைக் காக்கும் தெய்வம். நம் கோட்டானுக்கும் அவர்கள் கோத்தானுக்கும் உள்ள ஒலி ஒற்றுமை வெறும் தற்செயல்தான். இருந்தாலும் சொல்லிப் பார்க்கச் சுவையாக இருக்கிறது. மீன் வளமுள்ள ஆற்றில்தான் இந்த ஆந்தை தங்கும். அந்த ஆற்றங்கரையில்தான் ஊரும் அமையும். இருட்டில் அதன் முழக்கம் கேட்டால் ஆற்றில் மீன் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட குரலைத் தெய்வக் குரல் என்று கேட்டதில் ஆச்சரியம் என்ன? அந்தத் தெய்வத்தைக் கொன்று, அதன் உலகத்துக்கே வழியனுப்பிவைக்கும் சடங்கும் அவர்களிடம் இருந்தது. பக்தி எப்போதும் பறவைக்கு வசதியாக இருந்துவிடுவதில்லை. சிரி யுகியே என்ற ஐனுப் பெண் தன் மக்களின் வாய்மொழித் தெய்வப்பாடல்களைத் தொகுத்துவிட்டு, 1922-இல் பத்தொன்பது வயதில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு அச்சான அந்த நூலின் முதல் பாட்டு, ஆந்தைத் தெய்வம் தானே பாடுவது.

நம் பக்கத்தில் இரவில் கூகை அலறினால் சாக்குருவி வந்துவிட்டது என்று கதவடைக்கிறோம். எத்தனை தரம் அலறினால் என்ன பலன் என்று பாட்டாகவே எழுதி வைத்த நாடு இது. வங்காளத்தில் அதே ஆந்தை லட்சுமியின் வாகனம். அந்த மரியாதையும் அதைக் காப்பாற்றவில்லை. தீபாவளியை ஒட்டி வடஇந்தியாவில் மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்பதை, டிராஃபிக் என்ற வனவிலங்கு வணிகக் கண்காணிப்பு அமைப்பு 2010-இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டது. கொம்புள்ள பெரிய ஆந்தைகளுக்கு அங்கே கிராக்கி. மீன் ஆந்தையும் அதில் சிக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

வடக்கே ஆபத்து வேறு விதம். முதுமரங்களை வெட்டியதில் பொந்து போனது. ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பணைகள் கடலிலிருந்து ஏறிவரும் சால்மனின் வழியை அடைத்தன. ஹொக்கைடோவில் எண்ணிக்கை நூறையொட்டி வீழ்ந்த பிறகு, ஜப்பான் அரசு 1984 முதல் மரங்களில் பெரிய கூட்டுப்பெட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு, குளங்களில் மீன் விட்டு உணவு வைக்கத் தொடங்கியது. எண்ணிக்கை மெல்ல ஏறியிருக்கிறது. என்றாலும் உலகில் அழியும் நிலையிலிருக்கும் பறவைகளின் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது. பொந்துக்குப் பதில் பெட்டி, ஆற்றுக்குப் பதில் குளம். மூடிய வழிகளுக்கு மனிதன் கட்டும் வட்டி அது.

சென்ற மாதம் மறுபடி பழவேற்காடு போனேன். படகுத்துறையில் அதே பெரியவர் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். வடக்கே மீன் பிடிக்கும் ஆந்தையைப் பற்றிச் சொன்னேன். பறக்கும்போது சத்தம் போடும், மீனுக்குக் கேட்காது என்பதால் என்று விளக்கினேன். அது அவருக்கு அதிசயமாகப் படவில்லை. "பின்ன?" என்றார், அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும் என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தார். அவர் பார்வை கிழக்கே, கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தின் பக்கம் போனது. மணல் ஏறி அது தூர்ந்துபோகும் காலங்களில் கடல் மீனும் இறாலும் உள்ளே வராது. படகும் வெளியே போகாது.

"அப்ப அதுக்கும் தொழில் இல்லாத நாளு உண்டு" என்றார், ஊசியில் நூலைக் கோத்தபடி. "எங்கனா ஒரு எடம் தொறந்திருந்தா போதும் தம்பி. பொழச்சுக்கும்."